பிறர் கேளாத ஓசை

ஐம்பொறிகளுள் செவிக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. கண்ணுக்கு இமை இருக்கிறது; வாய்க்கு இதழ் இருக்கிறது. வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். செவிக்கோ இமையும் இல்லை, கதவும் இல்லை. நாம் உறங்கும்போதும் அது விழித்திருக்கிறது. வைகறையில் கோவில் மணி நம்மை எழுப்புவதும், தொட்டிலில் குழந்தை சிணுங்கியவுடன் தாய் எழுந்துவிடுவதும் இதனால்தான். திருவள்ளுவர் கேள்விக்கென்றே 42-ஆம் அதிகாரத்தை வகுத்து, செவி வழியாக வரும் செல்வத்தைப் போற்றினார். செபமும் பாட்டும் பாடமும் அம்மாவின் அழைப்பும் இந்தச் சிறு வாயில் வழியாகவே நம்மை வந்து சேர்கின்றன.

அத்தகைய செவிக்குள், வெளியில் ஓசையே இல்லாத வேளையிலும் ஓர் ஓசை புகுந்துகொண்டு, இரவும் பகலும் ஓயாமல் ஒலித்தால் எப்படி இருக்கும்? அந்த ஓசை அவர் ஒருவருக்கு மட்டுமே கேட்கும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் மகளுக்கும் கேட்காது, கணவருக்கும் கேட்காது. ஆகவே நோயாளிக்கு இரண்டு துன்பங்கள் உண்டாகின்றன. ஓசை ஓயவில்லை என்பது முதல் துன்பம். சொன்னால் நம்புவார் இல்லை என்பது இரண்டாம் துன்பம். முதலாவதற்கு உதவி செய்ய மருத்துவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதைப் போக்குவது நம் போன்றோர் கையில்தான் இருக்கிறது. தோழியரே, அதனால்தான் இதைப் பற்றி நாம் சற்று விளக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரும் பழமையும்

தமிழில் இதனைக் காதிரைச்சல் என்கிறோம். மருத்துவர்கள் டின்னிடஸ் என்பார்கள். இது இலத்தீன் சொல். மணிபோல் ஒலித்தல் என்னும் பொருளுடைய வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. நம் நாட்டிலும் இந்நோயைப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தார்கள். சுசுருதரின் மருத்துவ நூல் இருபத்தெட்டு வகைக் காது நோய்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று கர்ணநாதம். அதாவது காதில் எழும் நாதம்.

இந்த ஓசை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்குச் சில்வண்டு கத்துவது போலவும், சிலருக்கு நீராவி சீறுவது போலவும், வேறு சிலருக்குக் கடல் இரைவது போலவும் கேட்கும். திருவிழாவில் வேட்டுச் சத்தம் கேட்ட பிறகு சிறிது நேரம் காதில் 'கொய்ங்' என்று ஒலிப்பதை நாம் அனைவரும் அறிவோம். அது சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் அதுவே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட காதிரைச்சல் எனப்படுகிறது.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. உலகில் வயது வந்தோருள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்குக் காதிரைச்சல் அனுபவம் உண்டு என்றும், ஏறத்தாழ 2 விழுக்காட்டினருக்கு அது கடுமையாக இருக்கிறது என்றும் அது மதிப்பிட்டது. இரண்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் அது 12 கோடி மக்களைக் குறிக்கிறது! அப்படியானால் நம் தெருவிலும் நம் பங்கிலும் அத்தகையோர் இருக்கக்கூடும் அல்லவா?

ஓசை எங்கிருந்து வருகிறது?

அறிவியல் பாடத்தில் காதின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறோம். ஒலி அலைகள் செவிப்பறையை அதிரச் செய்கின்றன. அந்த அதிர்வு சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் வழியாக உட்காதுக்குச் செல்கிறது. அங்கே நத்தைக்கூடு போல் சுருண்ட காக்ளியா இருக்கிறது. அதனுள்ளே ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. வயலில் காற்றுக்கு நாற்று அசைவது போல, ஒலிக்கு அவை அசைகின்றன. அந்த அசைவு மின்துடிப்பாக மாறிச் செவிநரம்பின் வழியே மூளைக்குப் போகிறது. நாம் கேட்பது காதினால் மட்டுமன்று, மூளையினாலும்தான்.

பேரொலியாலோ முதுமையாலோ சில மருந்துகளாலோ இந்த மயிர்ச்செல்கள் கெட்டுப்போகலாம். மனிதருக்கு ஒருமுறை அழிந்த மயிர்ச்செல் மீண்டும் முளைப்பதில்லை. கெட்ட இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி வருவது குறைகிறது. உடனே மூளை என்ன செய்கிறது? வானொலியில் தொலைதூர நிலையம் சரியாகக் கேட்காதபோது நாம் ஒலியைக் கூட்டி வைப்போம். அப்போது பாட்டோடு 'உஸ்' என்னும் இரைச்சலும் கூடிவிடும். அதுபோலவே மூளையும் வராத ஒலிக்காகத் தன் கூர்மையைக் கூட்டுகிறது. நரம்புகளில் இயல்பாகவே இருந்த சிறு சலசலப்பு அப்போது ஓசையாகக் கேட்கத் தொடங்குகிறது. காதிரைச்சல் தோன்றும் முறைக்கு அறிஞர்கள் கூறும் முதன்மையான விளக்கம் இது. காதில் அழுக்கு அடைத்தாலும், நடுக்காதில் சீழ் கட்டினாலும்கூட இரைச்சல் வரலாம். அவை மருத்துவரால் எளிதில் நீக்கக்கூடியவை.

இந்தச் சலசலப்பு நம் அனைவரிடமும் இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர் நல்ல செவித்திறன் உள்ள 80 பேரை, வெளியோசை நுழையாத அறையில் சில நிமிடம் அமரச் செய்தார்கள். அவர்களுள் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஓசை கேட்டதாகக் கூறினார்கள். இந்த ஆய்வு 1953-இல் வெளிவந்தது. எனவே காதிரைச்சல் என்பது இல்லாததைக் கற்பனை செய்வது அன்று. யாவருக்கும் உள்ள சிறு பொறி சிலரிடம் பெருந்தீயாகிவிடுகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. இரயில் நிலையத்தின் பேரிரைச்சலுக்கு நடுவே ஒரு தாய்க்குத் தன் குழந்தையின் அழுகை மட்டும் தனியே கேட்கும். ஏனென்றால் மூளை அதனை முக்கியமானது என்று குறித்து வைத்திருக்கிறது. காதிரைச்சலை ஆபத்தென்று மூளை குறித்துக்கொண்டால் அந்த ஓசையைவிட்டு அதனால் கவனத்தை எடுக்க முடிவதில்லை. அச்சம் கூடக் கூட ஓசை கூடுகிறது. ஓசை கூடக் கூட உறக்கம் குறைகிறது. உறக்கம் குறையக் குறைய அச்சம் கூடுகிறது. செக்கு மாட்டைப் போல மனம் அதனையே சுற்றி வருகிறது. ஜாஸ்ட்ரெபாஃப் என்னும் அறிவியலார் 1990-இல் இக்கருத்தை விளக்கி எழுதினார். பின்னர் வந்த பயிற்சி முறைகளுக்கு அது வழிகாட்டியது.

இசை மேதைகள் இருவர்

ஓசையையே உயிராகக் கொண்ட இசைவாணருக்கு இந்நோய் வந்தால் எவ்வளவு கொடுமை! வரலாற்றில் அப்படி நேர்ந்திருக்கிறது.

ஜெர்மனியில் பிறந்த பீத்தோவன் 1801 ஜூன் 29-இல் தம் நண்பரும் மருத்துவருமான வேகலருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் காதுகள் இரவும் பகலும் இரைந்துகொண்டே இருப்பதையும், செவிப்புலன் குறைந்து வருவதையும், அதை மக்களிடம் சொல்லத் துணிவின்றிக் கூட்டங்களை விட்டு ஒதுங்கி வாழ்வதையும் அதில் தெரிவித்தார். மறு ஆண்டு அக்டோபரில் ஹைலிகன்ஷ்டாட் என்னும் ஊரில் தம் உடன்பிறந்தார் இருவருக்கும் ஓர் உருக்கமான மடல் எழுதினார். ஆனால் அதை அனுப்பவில்லை. 1827-இல் அவர் இறந்த பிறகுதான் அது கிடைத்தது. தம்மைக் கடுகடுப்பானவர் என்றும் மனிதரை வெறுப்பவர் என்றும் உலகம் நினைப்பதையும், அதன் உண்மைக் காரணம் யாருக்கும் தெரியாததையும் எண்ணி அம்மடலில் அவர் வருந்துகிறார். நோயினும் பெரிதாக அவரை வாட்டியது, பிறர் தம்மைத் தவறாக எண்ணியதே என்று அதைப் படிப்போர்க்குத் தோன்றும்.

மற்றவர் செக் நாட்டு இசைமேதை பெட்ரிச் ஸ்மெட்டனா. இவர் 1824 மார்ச் 2-இல் பிறந்தார். பிராக் நகர அரங்கில் இசைக்குழுவை நடத்தி வந்தார். 1874-ஆம் ஆண்டு கோடையில் இவர் காதில் இரைச்சல் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் இரு காதுகளும் முற்றிலும் கேளாமல் போயின. வெளியோசை போய்விட்டது, உள்ளோசை மட்டும் போகவில்லை! 1875-இல் வூர்ட்ஸ்பர்க், வியன்னா ஆகிய நகரங்களுக்குச் சென்று மருத்துவர்களைக் கண்டார். பயன் ஏற்படவில்லை. அரங்கப் பணியை விட்டார். 1876-இல் யாப்கெனிட்சே என்னும் சிற்றூரில் தம் மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்.

ஆனால் அவர் எழுதுவதை நிறுத்தினாரா? இல்லை. காது கேளாமல் போன சில வாரங்களுக்குள்ளாகவே, 1874 நவம்பர், டிசம்பர் மாதங்களில், தம் நாட்டு ஆறாகிய வல்தாவாவைப் பற்றிய இசையை எழுதி முடித்தார். இன்று உலகமெங்கும் இசைக்கப்படும் அந்த இன்னிசையை அவர் தம் காதால் கேட்டதே இல்லை.

1876-இல் 'என் வாழ்க்கையிலிருந்து' என்னும் பெயரில் நான்கு நரம்பிசைக் கருவிகளுக்கான ஒரு படைப்பை எழுதினார். அதன் இறுதிப் பகுதி குதூகலமாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று இசை நின்றுவிடும். மற்றக் கருவிகள் அடியில் நடுங்க, முதல் வயலின் மட்டும் மிக உயர்ந்த ஒரே சுரத்தை நீளமாக இழுக்கும். அதுதான் 1874-இல் தம் காதில் ஒலித்த ஓசையின் அடையாளம் என்று அவரே ஒரு கடிதத்தில் விளக்கினார். 1878-இல் நண்பர்களுக்கிடையே அப்படைப்பு முதன்முதல் இசைக்கப்பட்டபோது, ட்வோர்ஷாக் என்னும் மற்றொரு பெரும் இசைவாணர் வியோலா வாசித்தார்.

இதில் நான் மிகவும் வியப்பது ஒன்று. யாருக்கும் கேளாத ஓசையை எல்லோருக்கும் கேட்கச் செய்துவிட்டார் ஸ்மெட்டனா! 'என் காதில் இப்படித்தான் ஒலித்தது. கேளுங்கள்' என்று ஒரே சுரத்தால் அவர் சொல்லிவிட்டார். அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்குமா? வயலினும் இசைஞானமும் இல்லாதவர்கள் வெறும் வார்த்தைகளால்தான் சொல்ல வேண்டும். அந்த வார்த்தைகளைக் கேட்க நமக்குப் பொறுமை வேண்டும்.

எங்கள் பெரியம்மா

இசை மேதைகளை மட்டுமா இந்நோய் பிடிக்கிறது? என் பெரியம்மா இருபத்திரண்டு ஆண்டுகள் நூற்பாலையில் வேலை செய்தவர். நூற்கும் எந்திரங்கள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரோடு பேச வேண்டுமானாலும் காதருகே வாய் வைத்துக் கத்த வேண்டுமாம். ஓய்வு பெற்ற பிறகு ஐந்து ஆண்டுகளாக அவர் காதில் சில்வண்டு ஓயாமல் கத்துகிறது. உறவினர் பலரும் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். "அதையே நினைக்காதே, தானாகப் போய்விடும்" என்றார் ஒருவர். "வயதானால் எல்லோருக்கும் வருவதுதான்" என்றார் இன்னொருவர். "வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதால்தான் இதெல்லாம்" என்றும் ஒருவர் சொன்னார்.

எல்லாவற்றையும்விட ஊர்த் திருவிழாவின்போது நடந்தது அவரை மிகவும் வருத்தியது. பெரியம்மா மார்கழிக் குளிரிலும் மேசை விசிறியை ஓடவிட்டுத்தான் படுப்பார். காற்றுக்காக அன்று, அதன் ஓசைக்காக. நிசப்தமான இரவில்தான் காதிரைச்சல் மிகப் பெரிதாகத் தெரியும். மெல்லிய வேறோர் ஓசை பக்கத்தில் இருந்தால் அது சற்றே அமுங்கும். ஆனால் தேர்ப்பவனியின் பாண்டு வாத்தியமும் வேட்டும் அவருக்குத் தாங்க முடியாத வேதனை தரும். காதிரைச்சல் உள்ள பலருக்கு உரத்த ஒலியைத் தாங்கும் திறனும் குறைந்துபோகிறது. எனவே அவர் பவனிக்கு வராமல் வீட்டிலேயே இருந்து செபமாலை சொன்னார். "விசிறிச் சத்தம் வேண்டுமாம், மாதா பவனிச் சத்தம் வேண்டாமாம்! நல்ல காதிரைச்சல்!" என்று சிலர் சிரித்தார்கள். இரண்டும் ஒரே நோயின் இரு பக்கங்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பெரியம்மா அன்று சொன்னது இன்னும் என் நினைவில் இருக்கிறது. "காலில் புண் என்றால் ஆளுக்கொரு மருந்து கொண்டு வருவீர்கள். இது கண்ணுக்குத் தெரியாத புண். அதனால் ஆளுக்கொரு பேச்சு கொண்டு வருகிறீர்கள்" என்றார்.

முதலில் பார்த்த மருத்துவர் காதைச் சோதித்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பினார். ஆபத்தான நோய் ஒன்றும் இல்லை என்பதே அவர் கருத்தாக இருந்திருக்கும். ஆனால் வீட்டில் எல்லோரும் அதை "நோயே இல்லை" என்று புரிந்துகொண்டார்கள். அந்த இரண்டு சொற்களால் பெரியம்மா ஓராண்டுக் காலம் வாய் திறவாமல் இருந்தார்.

பிறகு வேறொரு மருத்துவரிடம் சென்றபோது முறையான செவித்திறன் சோதனை நடந்தது. உயர்ந்த சுரங்களைக் கேட்கும் திறன் அவருக்கு வெகுவாகக் குறைந்திருப்பது வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. காது கேட்கும் கருவி பொருத்தினார்கள். அதை அணிந்திருக்கும்போது வெளியோசைகள் நன்கு கேட்பதால் உள்ளோசை பின்னுக்குப் போகிறது. முற்றிலும் போய்விடவில்லை.

மருந்தைவிட மேலான ஒன்றை என் பெரியம்மா மகள் செய்தாள். "அம்மா, இன்று பத்துக்கு எத்தனை?" என்று நாள்தோறும் காலையில் கேட்பாள். "நான்கு" என்பார் ஒரு நாள்; "எட்டு" என்பார் ஒரு நாள். எட்டு என்றால் அன்று வீட்டில் தொலைக்காட்சி மெதுவாக ஒலிக்கும்; பாத்திரங்கள் தடாலென்று விழா; பெரியப்பா கடைக்குத் தாமே போய் வருவார். காரணம் கேட்டு யாரும் வாதாடுவதில்லை. "அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது" என்கிறார் பெரியம்மா. இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அன்று. அச்சமும் தனிமையும் குறைந்தால் மூளையின் எச்சரிக்கையும் தணிகிறது என்று முன்னர் பார்த்தோம் அல்லவா?

யோபுவின் நண்பர்கள்

விவிலியத்தில் யோபுவின் நூலை நாம் அறிவோம். எல்லாவற்றையும் இழந்து, உடலெல்லாம் புண்ணாகிக் கிடந்த யோபுவைப் பார்க்க நண்பர் மூவர் வந்தார்கள். அவர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவருடைய துன்பம் மிகப் பெரியது என்று கண்டதால் ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் உத்தம நண்பர்கள். அதன்பின் வாய் திறந்தார்கள். "உன்மேல்தான் குற்றம் இருக்க வேண்டும்" என்னும் பொருளில் அதிகாரம் அதிகாரமாக வாதாடினார்கள். இறுதியில் இறைவன் அவர்களையே கடிந்துகொண்டார்.

நோயாளியைப் பார்த்து, "நீ நினைப்பதால்தான் வருகிறது", "விசுவாசம் குறைந்ததால்தான் இப்படி" என்றெல்லாம் சொல்பவர்கள், தாங்கள் அறியாமலே யோபுவின் நண்பர்கள் செய்ததையே செய்கிறார்கள். அந்த முதல் ஏழு நாள் நண்பர்களாக நாம் இருந்தால் போதும்.

நாம் செய்யத் தக்கவை

1. ஒருவர் காதில் ஓசை கேட்கிறது என்றால் முதலில் நம்புவோம். நமக்குக் கேட்கவில்லை என்பது அவர் சொல்வதற்கு மறுப்பு ஆகாது. பல்வலியும் பிறருக்குத் தெரிவதில்லை.

2. முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுவோம். இரைச்சலோடு கேட்கும் திறன் குறைவும் சேர்ந்திருப்பது உண்டு. "எத்தனை தடவை சொல்வது?" என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

3. விசிறி, மெல்லிய இசை, வானொலி ஆகியவற்றை அவர் நாடினால் தடுக்க வேண்டாம். கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து போனால் தவறாக எண்ண வேண்டாம்.

4. காதில் காய்ச்சிய எண்ணெயோ பூண்டுச் சாறோ ஊற்றச் சொல்லக் கூடாது. செவிப்பறையில் துளை இருந்தால் பெருங்கேடு விளையும். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ, தலைசுற்றல் இருந்தாலோ தாமதம் கூடாது. திடீரென்று காது கேளாமல் போனால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

5. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அதிக அளவு ஆஸ்பிரின் போன்ற மருந்துகளாலும் இரைச்சல் வரலாம். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

6. "மருந்தே இல்லை" என்று கைவிரிக்கவும் வேண்டாம். "இந்த மாத்திரையில் போய்விடும்" என்று ஆசை காட்டவும் வேண்டாம். ஓசையை அடியோடு நீக்கும் மாத்திரை இதுவரை இல்லை. ஆனால் கேட்கும் கருவியும், மெல்லிய பின்னணி ஒலியும், எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்படுத்தும் உளவியல் பயிற்சியும் துன்பத்தைக் குறைக்கின்றன. பலருக்கு நாளடைவில் ஓசை இருந்தும் அது தொந்தரவாகத் தெரியாத நிலை வருகிறது.

7. உறக்கமின்றித் தவித்து, "வாழ்வே வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல், தனியே விடாமல், உடனே பெரியவரிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். 2022-இல் தொடங்கிய அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416.

நம் செவியைக் காப்போம்

வந்தபின் வருந்துவதைவிட வருமுன் காப்பது நலம். உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவுப்படி, வயது வந்தோர் 80 டெசிபல் ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரமே பாதுகாப்பானது. நம் போன்ற சிறுவர் சிறுமியருக்கு 75 டெசிபலையே எல்லையாக வைத்திருக்கிறார்கள். ஆகவே காதில் செருகும் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்கும் தோழியர் ஒலியைக் குறைத்து வைப்பது நல்லது. நூற்பாலை, விசைத்தறி, பட்டறை ஆகியவற்றில் வேலை செய்யும் பெற்றோர் காதடைப்பான் அணிய வேண்டும். நாமே வற்புறுத்தி அணியச் செய்ய வேண்டும். வெடிச் சத்தத்துக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் அருகே நிற்கக் கூடாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைப்பது பொதுவாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. பள்ளி, மருத்துவமனை முதலியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. நம் வீட்டு விசேஷங்களிலாவது இவற்றை நாம் கடைப்பிடிக்கலாம் அல்லவா?

தோழியரே! டின்னிடஸ் என்பது மணியோசை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று பார்த்தோம். அதே சொல் இலத்தீன் விவிலியத்தில் ஓரிடத்தில் வருகிறது. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத் தொடக்கத்தில், அன்பில்லாதவனின் பேச்சைத் தாளத்தின் வெற்றோசைக்கு ஒப்பிடுகிறார் அல்லவா? அந்தத் தாளத்தின் ஒலியைக் குறிப்பதற்கு வரும் சொல் அதுவே. எவ்வளவு பொருத்தம்! காதுக்குள் ஒலிக்கும் ஓசையை நிறுத்த நம்மால் இயலாது. ஆனால் அவர்கள் காதுக்கு வெளியே, அன்பில்லாத நம் சொற்களால் எழும் ஓசையை இன்றே நிறுத்த நம்மால் இயலும்.

கேளாத ஓசையையும் நம்பிக் கேட்கும் இதயத்தை இறைவன் நமக்குத் தந்தருள்வாராக!